வரைபடத்தில் ஒரு புள்ளி, தரைக்குக் கீழே 310 மீட்டர் நடை: மெட்ரோ திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளம் திட்டமிடுநர் குழு ஒன்று, தாங்கள் வரைந்த மெட்ரோ வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு என்னைப் பார்க்கக் கூப்பிட்டது. வளர்ந்துவரும் நகரம், ஐந்து நிறங்களில் ஐந்து கோடுகள், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் எட்டு வெள்ளை வட்டங்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்கே இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்க எத்தனை படி ஏற வேண்டும்?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் முழித்திருப்பேன். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை. அதனால் அந்தத் தவறைக் காகிதத்தோடு விடாமல் கட்டியும் முடித்துவிட்டேன்.

மண்ணைச் சோதிக்காமல் தோண்டாதீர்கள், செலவைக் குறைத்துக் காட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிளைகளைத் தாராளமாக விடுவது

ஒரு தடத்தை நுனியில் இரண்டாகப் பிரித்துவிட்டால் இரண்டு பகுதிக்கும் ரயில் கிடைத்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்பகுதியில் மணிக்கு 24 ரயில் ஓடினால் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு கிளையானால் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம். மூன்றானால் ஏழரை. நகரம் வளரும்போது புதிதாகக் குடியேறுகிறவர்கள் போவதோ பெரும்பாலும் அந்த நுனிகளுக்குத்தான்.

வாஷிங்டனில் ஆரஞ்சு, புளூ, சில்வர் என்று மூன்று தடங்கள் பொட்டோமக் ஆற்றுக்கு அடியில் ஒரே சுரங்கத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மணிக்கு 26 ரயிலுக்கு மேல் அதில் போகாது. 2014-ல் சில்வர் தடம் திறந்தபோது அதற்கு இடம்விட்டுப் புளூ தடத்தின் ரயில்களைக் குறைத்தார்கள். உச்ச நேரத்திலேயே 12 நிமிடக் காத்திருப்பு. புதுத் தடம் வந்ததில் பழைய தடத்துக்காரர்களுக்கு நஷ்டம்.

"இன்டர்சேஞ்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்"

இன்டர்சேஞ்ச் என்பது ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் இடம். அதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நகரத்தின் முதல் தடத்துக்கு நிலையங்களை நிறுத்திக்கொண்டிருந்தோம். இரண்டாவது தடம் "அடுத்த கட்டம்". எங்கள் வரைபடத்தில் அது ஒரு புள்ளிக்கோடு, அவ்வளவுதான். இரண்டும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் நிலையம் சரியாக நடுவில் அமைந்திருந்தது. ஆனால் குறுக்கே ஒரு பெரிய குடிநீர்க் குழாய் ஓடியது. அதை இடம் மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நிலையத்தை 120 மீட்டர் தள்ளிப் போட்டால் குழாயைத் தொடவே வேண்டாம். தள்ளினோம். அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்று மாலை நேரத்தை மிச்சப்படுத்திவிட்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

வருடங்கள் கழித்து இரண்டாவது தடம் வந்தது. முதல் தடத்தின் நிலையம் தள்ளி இருந்ததால் இதன் நிலையத்தைச் சந்திப்புக்கு மறுபக்கம்தான் வைக்க முடிந்தது. நடுவில் 310 மீட்டர் நடைவழி. ஏறி இறங்க நான்கு எஸ்கலேட்டர். திறந்த வாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 6 நிமிடம் 40 விநாடி. எனக்கு முன்னால் ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். மறுமுனையில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். 11 நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றிருக்கிறார். இரண்டு ரயிலிலும் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினாலே 14 நிமிடம்தான். மூன்று மாதத்தை மிச்சம் பிடித்தோமே, அந்த மூன்று மாதத்தை அவரும் அவரைப் போன்றவர்களும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் "நடப்பது உடம்புக்கு நல்லதுதானே" என்பார்கள். நல்லதுதான், நடக்கலாம் என்று கிளம்பியவருக்கு. ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தைவிட நடைவழியில் நடக்கும் ஐந்து நிமிடம் பயணிக்கு ரொம்ப நீளம். பயண ஆய்வுகளில் மாறுவதற்கான நடையையும் காத்திருப்பையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கில் எடுப்பது வழக்கம். அப்படியானால் என் 310 மீட்டர், பயணியின் மனக்கணக்கில் கால் மணி நேரத்தை நெருங்குகிறது. கார் வைத்திருப்பவர் மறுநாளே காருக்குத் திரும்பிவிடுவார்.

எந்திரத்தை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தைப் பார்க்கட்டும். முதலில் அவை இரண்டு தனித்தனி நிலையங்கள். 1942-ல் நீண்ட நடைவழி போட்டு ஒன்றாக்கினார்கள். அந்த நடை தீராத தொல்லையாகி, 2002-ல் 185 மீட்டர் நீளத்துக்கு அதிவேக நகரும் நடைபாதை வைத்தார்கள். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஆட்கள் தடுமாறி விழுந்தார்கள். 9 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அப்போதும் அடிக்கடி பழுது. கடைசியில் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண நகரும் நடைபாதையையே போட்டார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சிங்கப்பூரில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்று அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் 1987-ல் திறந்தன. அப்போது அங்கே ஓடியது ஒரே சேவைதான். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என்று இரண்டு தடமாகப் பிரிந்தது 1989-ல். ஆனால் நிலையங்கள் தொடக்கத்திலேயே இரண்டு தடத்துக்குமாகத் திட்டமிடப்பட்டவை. ஒரு ரயிலில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அடுத்த ரயிலில் ஏறிவிடலாம். பத்தடி நடந்தால் போதும். அடுத்தடுத்து இரண்டு நிலையம் எதற்கு என்றால், ஒரே நிலையத்தில் எல்லாத் திசை மாற்றத்தையும் எதிரெதிரே வைக்க முடியாது. பாதி மாற்றங்கள் இங்கே, மீதி அங்கே. ஹாங்காங்கின் மோங் காக், பிரின்ஸ் எட்வர்ட் ஜோடியும் இதே வித்தைதான். லண்டனில் 1968-ல் திறந்த விக்டோரியா தடத்துக்காக, யூஸ்டன், ஹைபரி நிலையங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய தடத்தையே புதுச் சுரங்கத்துக்குத் திருப்பினார்கள். பயணி பிளாட்பாரத்தைக் குறுக்கே கடந்தால் போதும் என்பதற்காக அத்தனை பாடு.

எல்லா இடத்திலும் இது முடியாது. இரண்டு தடமும் செங்குத்தாகக் குறுக்கிட்டால், ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டல் குறி போல வைத்து, நடுவில் நேராகப் படி இறக்குங்கள். அதற்கு முதல் தடத்தைக் கட்டும்போதே மூன்று வேலை செய்ய வேண்டும். நிலையப் பெட்டியின் அடித்தளத்தையும் தூண்களையும் கீழே இன்னொரு நிலையம் வரும் என்று கணக்குப் போட்டு வடிவமைக்க வேண்டும். பின்னால் சுரங்கம் தோண்டும் எந்திரம் நுழையப்போகும் இடத்தில் மட்டும் டயஃப்ரம் சுவரில் (நிலையத்தைச் சுற்றி மண்ணுக்குள் வார்க்கும் கான்கிரீட் சுவர்) எஃகுக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பி போட வேண்டும். எந்திரத்தின் பற்கள் எஃகைக் கடித்தால் உடையும். கண்ணாடியிழையைக் கரகரவென்று அறுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது, படிக்கட்டு வர வேண்டிய தளத்தில் ஓட்டையை இப்போதே விட்டு, பலகம் போட்டு மூடிவைக்க வேண்டும். மொத்தச் செலவில் இது சில்லறை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இரவில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் அதற்குக் கீழே தோண்டிப் பாருங்கள், அப்போது தெரியும் சில்லறை எது என்று.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. முன்கூட்டிக் கட்டிய இடத்துக்கு இரண்டாவது தடம் வராமலே போகலாம். லண்டனில் ஜூபிலி தடத்துக்காக சேரிங் கிராஸில் 1979-ல் திறந்த பிளாட்பாரங்கள், 1999-ல் தடம் வேறு பக்கம் நீட்டப்பட்டதும் பயணிகள் சேவையை இழந்தன. இருபது வருடம்தான் ஓடின. நடக்கக்கூடியதுதான். ஆனாலும் ஒரு மூடிய பலகம் வீணாய்ப் போவதையும் 310 மீட்டர் நடைவழியையும் பக்கத்தில் வைத்தால், நான் பலகத்தின் பக்கம்தான்.

குட்டைப் பிளாட்பாரம்

ரயிலை வாங்கலாம், சிக்னலை மாற்றலாம். தரைக்கடியில் இருக்கும் பிளாட்பாரத்தை நீட்டுவது மறுபடி நிலையம் கட்டுவது மாதிரி. வான்கூவரில் 2009-ல் திறந்த கனடா லைனின் பிளாட்பாரங்கள் 40 முதல் 50 மீட்டர்தான். இரண்டு பெட்டி ரயிலுக்கு மேல் யோசிக்க அங்கே அதிகம் இடமில்லை. கோபன்ஹேகனும் குட்டை ரயில்தான் விடுகிறது. ஆனால் அங்கே ஓட்டுநர் இல்லாத ரயில்களை அடுத்தடுத்து விட்டுச் சமாளிப்பது என்று முதலிலேயே முடிவெடுத்துச் செய்தார்கள். பணம் போதவில்லை என்று கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தை வெட்டுவதும் இதுவும் ஒன்றல்ல.

பயணிகள் எண்ணிக்கையை நம்புவது

"மாடல் இப்படித்தான் சொல்கிறது" என்பார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்கும் கணினிக் கணக்கைக் காட்டி. மாடல் சொல்வது நீங்கள் ஊட்டியதைத்தான். பெரிய கட்டுமானத் திட்டங்களை ஆராயும் பென்ட் ஃபிளைவ்பெர்கும் அவர் குழுவும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் கணிப்பு மிகை. சராசரியாக 106 சதவீதம் மிகை. எனவே கணிப்பில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்து ஒரு முறை கணக்கை ஓட்டிப் பாருங்கள். எந்தத் தடம் அப்போதும் நிற்கிறதோ அதை முதலில் கட்டுங்கள்.

வட்டப் பாதை மோகம்

மாஸ்கோவில் 1954-ல் முழுமையடைந்த வட்டம் நன்றாக ஓடுகிறது. அது நகர மையத்திலிருந்து வெளியே நீளும் பல ஆரத் தடங்களையும் பெரிய ரயில் நிலையங்களையும் கோக்கிறது. முதல் தடத்தைக் கட்டும் நகரத்திலோ ஆரமே ஒன்றுதான் இருக்கிறது. வட்டத்துக்கு முனை கிடையாது; தாமதமான ரயில் மூச்சு வாங்கி நேரத்தைச் சரிசெய்ய இடமில்லாமல் தாமதம் சுற்றிச் சுற்றி வரும். லண்டன் தன் வட்டத் தடத்தை 2009-ல் வெட்டி முனை வைத்துவிட்டது.

நிலையத்தை அரண்மனையாகக் கட்டுவது

மாட்ரிட் 1995 முதல் 1999 வரை சுமார் 56 கிலோமீட்டர் கட்டியது. நிலையங்கள் எளிமை, வடிவமைப்பு பெரும்பாலும் ஒன்று போல. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

நெடுஞ்சாலை நடுவில் நிலையம்

இடம் சும்மா கிடைக்கிறதே என்று வைக்காதீர்கள். அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

டெப்போ

ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் இடம் அது. முதலில் அதற்கு நிலத்தைப் பிடியுங்கள். தடத்துக்கு நிறம் அப்புறம்.

பேருந்து

பேருந்துத் தடங்களை மாற்றியமைப்பது திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்கும் வேலையல்ல.

அந்தக் குழுவில் ஒரு பெண் இரண்டு வாரம் கழித்து, நான் விரல் வைத்த வட்டத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தை அனுப்பினார். பச்சைக் கோட்டை 40 மீட்டர் நகர்த்தியிருக்கிறார். நடை 35 மீட்டர், ஒரே ஒரு எஸ்கலேட்டர். அதற்காக ஒரு கட்டடத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் கொஞ்சம் இடிக்க வேண்டும். உரிமையாளர் ஒத்துக்கொள்வாரா என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். போய்க் கேளுங்கள் என்று பதில் எழுதினேன். மற்ற ஏழு வட்டங்களும் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன.