தோட்டத்தில் மண் பீட்சா அடுப்பு: விரிசல் விடாமல் கட்ட

அடுப்பின் உள்விட்டம் 80 செ.மீ., கூண்டின் (குவிந்த கூரையின்) உள் உயரம் 40 செ.மீ. என்றால் வாசல் உயரம் 25 செ.மீ. போதும். கூடினால் சூடு ஓடிவிடும், குறைந்தால் புகை திணறும்.

வேலூரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, அடிப்பீடத்தோடு நிறுத்துங்கள். நெருப்புபடும் தளத்தில் போட்டால் சூட்டில் சில்லுசில்லாகத் தெறிக்கும். அங்கே ஃபயர் பிரிக்ஸ் (சூடு தாங்கும் செங்கல்) தான். சிமெண்ட் வேண்டாம், மணல் படுக்கையில் நெருக்கி அடுக்குங்கள்.

ஈரமணலைக் கூண்டு வடிவில் குவித்து, நனைத்த செய்தித்தாளால் மூடி, களிமண் 1 பங்கு, மணல் 2 பங்கு பிசைந்து 8 செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். இறுகியதும் வாசலை வெட்டி மணலைச் சுரண்டி எடுங்கள். அந்தக் கூண்டின்மேல் உமி கலந்த களிமண் 10 செ.மீ.; சூடு வெளியேறாமல் தடுப்பது இதுதான்.

நம்மூர் வெயிலில் மேல்புறம் மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்துங்கள். பிறகு ஐந்தாறு நாள் சுள்ளி நெருப்பு மட்டும். அவசரப்பட்டுப் பெரிய தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளந்துவிடும்.

விறகுக்குக் காய்ந்த வேலிக்காத்தான் அருமை. கூரையில் படிந்த கரி எரிந்து வெளுத்ததும் பீட்சாவை உள்ளே தள்ளலாம். இரண்டு மூன்று நிமிடம்தான், கண்ணை எடுக்காதீர்கள்.