புரோ கோல்ஃபராக முதல் சீசன்: கார்டு வாங்குவதிலிருந்து கட் தாண்டுவது வரை

தொழில்முறை கோல்ஃபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், ரூம் வாடகை, பையைச் சுமந்து உதவும் கேடிக்குக் கொடுப்பது எல்லாமே கைக்காசு. இந்தியாவின் ஆண்கள் சுற்றான பிஜிடிஐயில் (புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா) போட்டி வழக்கமாக நான்கு நாள், 72 ஹோல், அதாவது குழி. 36 ஹோல் முடிந்ததும் முதல் 50 இடத்தில் இருப்பவர்களும், ஐம்பதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டுமே மிச்ச இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்கள் பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்த வாரத்து வரவு பூஜ்யம். இந்தக் கோட்டைத்தான் 'கட்' என்கிறார்கள். முதல் சீசனில் எந்த கிளப்பை, அதாவது மட்டையை, பையில் வைப்பது, எந்த ரயிலில் போவது, எதை எவ்வளவு நேரம் பயிற்சி செய்வது என்ற எல்லா முடிவையும் இந்தக் கோட்டை மனதில் வைத்தே எடுங்கள். கோப்பையைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.

அமெச்சூர் தகுதியை விடுவதற்கு முன்

அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. 2022இல் மாறிய விதிகளின்படி அமெச்சூர்களும் ஸ்பான்சர் பிடிக்கலாம். 1,000 டாலர் மதிப்புவரை பரிசும் வாங்கலாம். அதைத் தாண்டிப் பரிசு வாங்கினாலோ, புரோ என்று பதிவு செய்து போட்டியில் ஆடினாலோ, காசு வாங்கிக்கொண்டு பாடம் எடுத்தாலோ தகுதி போய்விடும். திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும்.

தயாரா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். சொந்த மைதானத்தை விட்டு வெளியே, குறைந்தது ஐந்து வெவ்வேறு மைதானங்களில், கடைசி டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடங்களில் மிகப் பின்னால் இருப்பது), ஒவ்வொரு பட்டையும் (குழியை நோக்கித் தரையோடு உருட்டும் அடி) உள்ளே தள்ளி 20 ரவுண்டு ஆடுங்கள். எல்லா ஸ்கோரையும் எழுதுங்கள். 'இன்று காற்று அதிகம்' என்று எதையும் கழிக்கக் கூடாது. சராசரி பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) கீழே வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் அமெச்சூராகவே ஆடுவது மலிவு. ஹேண்டிகேப் பூஜ்யம், அதாவது பாரை ஒட்டி ஆடும் திறமை, உள்ளூர் கிளப்பில் பெருமை. புரோ களத்தில் அது கட்டுக்கு வெளியே. வீட்டு மைதானத்தில் ஸ்கோர் நன்றாக வருவதற்குப் பாதிக் காரணம், நண்பர்கள் 'போதும், எடுத்துக்கோ' என்று விட்டுத்தரும் மூன்றடி பட்கள்தான்.

கார்டு வாங்குவது

பிஜிடிஐயின் தகுதிச் சுற்றை எல்லோரும் க்யூ ஸ்கூல் என்பார்கள். முதலில் ப்ரீ-குவாலிஃபையிங், அதில் தேறியவர்களுக்கு இறுதிக் கட்டம். கடைசியில் ஏறக்குறைய முதல் 30 பேருக்கு அந்த சீசனின் முழு கார்டு, அதாவது சுற்றில் ஆடும் உரிமை, கிடைக்கும். போட்டி அறிவிப்பில் அமெச்சூருக்கு இடமுண்டு என்று இருந்தால் அமெச்சூராகவே பதிவு செய்து ஆடிப்பாருங்கள், தேறினால் மாறிக்கொள்ளலாம். அதிதி அசோக் 17 வயதில், 2015 டிசம்பரில், ஐரோப்பிய மகளிர் சுற்றின் லல்லா ஐச்சா டூர் ஸ்கூலை வென்ற பிறகே, 2016 ஜனவரியில் புரோவானார்.

க்யூ ஸ்கூலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது மோசமாக ஆடுவதால் அல்ல, துரத்துவதால். முதல் நாள் 74 அடித்ததும், இரண்டாம் நாள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் கொடிக்கெல்லாம் குறிவைப்பார்கள். 30 இடம் இருக்கிறது. நான்கு நாளும் டபுள் போகி (ஒரு ஹோலில் பாரைவிட இரண்டு அடி கூடுதல்) இல்லாமல் ஆடினாலே பாதிக் கூட்டம் தானாகப் பின்னால் போய்விடும்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 2009 இந்தியன் ஓப்பனை வென்ற பெங்களூரின் சி. முனியப்பா கேடியாக இருந்தவர். 2016, 2017 இரண்டு வருடமும் அதே கோப்பையைத் தூக்கிய எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன்.

பைக்குள் இருக்க வேண்டிய எண்கள்

'செவன் அயர்ன் எவ்வளவு போகும்?' என்று ஏழாம் எண் மட்டையைப் பற்றிக் கேட்டால் இளம் ஆட்டக்காரர்கள் தாங்கள் அடித்ததிலேயே நீளமானதைச் சொல்வார்கள். தேவை அது அல்ல. காற்றில் பறந்து தரையைத் தொடும் இடம்வரை உள்ள தூரம், அதாவது கேரி, அதிலும் சராசரி கேரி. பந்தின் பறப்பை அளக்கும், ட்ராக்மேன் போன்ற லாஞ்ச் மானிட்டர் ஒன்றை ஒரு மணி நேரம் வாடகைக்குப் பிடித்து, ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து அடியுங்கள். பயிற்சி இடத்தில் தரும் ரேஞ்ச் பந்தில் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். தேய்ந்த ரேஞ்ச் பந்து பல யார்டு குறைவாகவே போகும். போட்டியில் ஆடும் அதே பந்தைக் கொண்டுபோங்கள்.

குறைந்த தூரத்துக்கான, முகம் அதிகம் சாய்ந்த மட்டைகளான வெட்ஜ்களுக்குத் தனிக் கணக்கு. 46, 50, 54, 58 டிகிரி என்று நான்கு வெட்ஜ், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்விங்: கை இடுப்புவரை, கை தோள்வரை, முழு ஸ்விங். பன்னிரண்டு எண்கள். இவை 40 யார்டு முதல் 135 யார்டுவரை பெரிய இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும். எங்காவது 12 யார்டுக்கு மேல் ஓட்டை இருந்தால், போட்டியில் பந்து சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் வந்து நிற்கும். இந்தப் பன்னிரண்டையும், மைதானத்தின் தூரங்கள் உள்ள யார்டேஜ் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை லாஃப்ட்டையும் (மட்டை முகத்தின் சாய்வு) லையையும் (தண்டு தரையோடு அமையும் கோணம்) அளக்கச் சொல்லுங்கள். ஃபோர்ஜ் செய்த அயர்ன்கள் பயிற்சிப் பாயில் அடித்து அடித்தே வளையும். ஒரு டிகிரி மாறினால் இரண்டு மூன்று யார்டு போயிற்று. அதிகம் பயன்படும் சாண்ட் வெட்ஜின் பள்ளக் கோடுகள் சுமார் 75 ரவுண்டில் மழுங்கத் தொடங்கும். அதன் பிறகு பந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரை) விழுந்து நிற்காமல் ஓடினால் கையைக் குறை சொல்லாதீர்கள்.

ஊட்டியில் பயிற்சி எடுப்பவர்கள் கவனிக்க: ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. பந்து சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். அங்கே 160 போகும் கிளப் சென்னையில் 148தான். எதிர்த் திசையில் வட இந்தியக் குளிர்கால அதிகாலை. பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் நான்கு யார்டு அளவுக்கு இழப்பு. பனிமூட்டத்தால் ஆட்டம் தள்ளிப்போவதும் அங்கே சகஜம் என்பதால், வார்ம்-அப்பை இரண்டு முறை செய்யவும் தயாராக இருங்கள்.

போட்டி வாரம்

திங்கள் இரவுக்குள் ஊர் போய்ச் சேருங்கள். பயிற்சி ரவுண்டில் ஸ்கோர் எழுத வேண்டாம். அந்த நாலரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை வேறு: ஒவ்வொரு டீயிலும் எந்த கிளப் அடித்தால் தொல்லைக்கு முன்னால் பந்து நிற்கும் என்று குறிப்பது, ஒவ்வொரு கிரீனிலும் நான்கு நாள் கொடி வைக்கக்கூடிய நான்கு மூலைகளை ஊகித்து, அங்கே டீ குச்சியைக் குத்தி, சுற்றிலுமிருந்து சிப் செய்து (சிறு தூரம் தூக்கி அடித்து) பார்ப்பது, கிரீனைத் தவறவிட வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் தவறவிடலாம் என்று எழுதுவது. கடைசியாகச் சொன்னதுதான் பாரைக் காப்பாற்றும்.

மிக நீளமாக அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வழி) குறுகல், இருபுறமும் முட்புதர். 2025 அக்டோபரில் அங்கே ஆட வந்த வட அயர்லாந்து நட்சத்திரம் ரோரி மெக்கில்ராயே டிரைவரைத் தொடாமல் ஆடத்தான் திட்டமிட்டார்.

பட்டிங் பயிற்சிக்கு எண்களைப் பாருங்கள். உலகின் தலைசிறந்தவர்கள் ஆடும் அமெரிக்காவின் பிஜிஏ டூரிலேயே எட்டடி பட் பாதிதான் உள்ளே போகும். இருபதடி என்றால் ஏழில் ஒன்று. 33 அடிக்கு மேல் ஒரே பட்டில் முடிப்பதைவிட மூன்று பட் ஆவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே பத்து, பதினைந்து அடியில் மணிக்கணக்காக நிற்பது வீண். பாதி நேரத்தை மூன்று முதல் ஆறு அடிக்கும், மீதியை 30 முதல் 50 அடி வேகக் கட்டுப்பாட்டுக்கும் கொடுங்கள். பெர்முடா புல் கிரீன்களில் புல் சாய்ந்திருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். தரை பளபளவென்று தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் புல் உங்களை நோக்கி, பந்து இழுபடும். குழப்பமாக இருந்தால் கப்பின் விளிம்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் பிசிறாகவும் பழுப்பாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கித்தான் புல் வளர்கிறது.

ஒரு ஷாட்டின் கணக்கு

கொடி 158 யார்டு. கிரீனின் பின்விளிம்பு 174. முன்னாலிருக்கும் மணல்குழியை, அதாவது பங்கரைத் தாண்ட 149 வேண்டும். கிரீன் மேட்டில் இருக்கிறது, ஐந்து யார்டு கூட்டினால் 163. எதிர்க்காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டர். அதற்கு ஐந்து சதவீதம், அதாவது எட்டு யார்டு. மொத்தம் 171. ஆக இன்றைக்கு எல்லாக் கிளப்பிலும் 13 யார்டு குறையும்.

எய்ட் அயர்ன் கேரி 160 என்றால், அச்சாக அடித்தாலும் 147இல் விழும்; பங்கர். செவன் அயர்ன் 172 என்றால் 159, கொடியருகில். ஆனால் சற்று விளிம்பில் பட்டு ஐந்து சதவீதம் குறைந்தால் 150. பங்கரை ஒரு யார்டில் தாண்டுகிறது. சிக்ஸ் அயர்ன் 183 என்றால் 170. சரியாகப் பட்டால் கிரீனின் கடைசிப் பகுதி, குறைவாகப் பட்டால் கொடி. பின்னால் தண்ணீரோ சரிவோ இல்லையென்றால் சிக்ஸ்தான் கட் தாண்டுகிறவர் எடுக்கும் கிளப். காற்று பின்னாலிருந்து வந்தால் இதே அளவு கழிக்காதீர்கள். எதிர்க்காற்று பறிப்பதில் பாதியைத்தான் பின்காற்று கொடுக்கும். இந்தக் கணக்கைக் கேடியும் நீங்களும் முப்பது நொடிக்குள் முடிக்கப் பழக வேண்டும். ஷாட்டை 40 நொடிக்குள் அடிக்க வேண்டும் என்பதே விதிப் புத்தகத்தின் பரிந்துரை.

அடிக்காமலே இழக்கும் ஸ்ட்ரோக்குகள்

பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது. கூடினால் ஹோலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, ரவுண்டுக்கு அதிகபட்சம் நான்கு. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாள், முதல் ஹோலில் பெர்டி (பாரைவிட ஒன்று குறைவு) அடித்து முன்னணிக்கு வந்த இயன் வூஸ்னமுக்கு இரண்டாவது டீயில்தான் பையில் 15 கிளப் இருப்பது தெரிந்தது. பயிற்சிக்கு எடுத்த இரண்டாவது டிரைவர் உள்ளேயே கிடந்தது. டீக்குப் போகுமுன் நீங்களும் கேடியும் தனித்தனியாக எண்ணுங்கள். டீ நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் இரண்டு ஸ்ட்ரோக், அதற்கு மேல் தகுதிநீக்கம். தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான்.

ஸ்கோர் கார்டை உங்களுக்காக எழுதுவது உடன் ஆடுபவர், பொறுப்பு உங்களுடையது. ஒரு ஹோலுக்கு அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் தகுதிநீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது ஹோலில் அடித்தது 3, கார்டில் 4. பார்க்காமல் கையெழுத்திட்டார். சமநிலையை உடைக்கும் பிளேஆஃப் ஆடியிருக்க வேண்டியவர், ஒரு ஸ்ட்ரோக்கில் இரண்டாமிடம். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு ஹோலையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

பணம்

பெட்டிக்கடைக்காரர் மாதிரி தினக் கணக்கு எழுதுங்கள். பிஜிடிஐயில் ஒரு கோடி ரூபாய் போட்டியை வென்றவருக்கு 15 லட்சம். இது கேட்க இனிப்பாக இருக்கும். கட்டை ஒட்டி முடிப்பவரின் காசோலை, பல வாரங்களில் அந்த வாரச் செலவுக்கே சரியாகப் போகும். ஒரு வாரச் செலவை நேர்மையாகக் கணக்கிட்டு, சீசன் போட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதில் பாதியாவது சீசன் தொடங்குமுன் கையில் இல்லாவிட்டால், பட்டிங் கிரீனில் வாடகை நினைப்பு வரும், கை நடுங்கும். ஸ்பான்சரைக் கேட்கும்போது வருடச் செலவுப் பட்டியலோடு போங்கள், கோப்பைப் படத்தோடு அல்ல.

கேடிக்கு வாரத் தொகையுடன் பரிசில் பங்கும் உண்டு. உலகச் சுற்றுகளில் எழுதாத வழக்கம்: கட் தாண்டினால் 5 சதவீதம், முதல் பத்துக்கு 7, வெற்றிக்கு 10. உங்கள் ஏற்பாடு எதுவானாலும் திங்களன்றே பேசி முடியுங்கள். பரிசுத் தொகையில் வரிப் பிடித்தம் இருக்கும். ரசீது இருந்தால்தான் செலவைக் கழிக்க முடியும், டாக்ஸி பில் உட்பட.

அடுத்த படி

பிஜிடிஐ தரவரிசையில் முதலிடம் பிடிப்பவருக்கு ஐரோப்பாவின் டிபி வேர்ல்டு டூரில் அடுத்த சீசனுக்கான கார்டு கிடைக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில் கேடியாக இருந்த ஓம் பிரகாஷ் சௌஹான் 2023இல் அப்படித்தான் போனார். இன்னொரு வழி ஏஷியன் டூரின் க்யூ ஸ்கூல். இறுதிக் கட்டத்தில் முதல் 35 பேருக்கும் சமமாக நிற்பவர்களுக்கும் கார்டு. அமெரிக்காவில் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றும் உண்டு. கார்டை இழந்திருந்த அர்ஜுன் அட்வால் 2010இல் அந்த வழியாக நுழைந்துதான் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூர் போட்டியில் ஜெயித்த முதல் இந்தியரானார். பெண்களுக்கு இந்தியச் சுற்றில் போட்டிகள் பெரும்பாலும் 54 ஹோல்; ஒரு நாள் குறைவு என்பதால் முதல் ரவுண்டில் சறுக்கினால் மீள்வதற்கு இடமும் குறைவு.

இரண்டு சீசன் முடிந்தும் கட் தாண்டியது மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால், இந்தியக் கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி நடத்தும் பயிற்சியாளர் சான்றிதழை வாங்கிவையுங்கள். காலையில் பாடம், மாலையில் பயிற்சி என்று ஓட்டியபடி மூன்றாவது க்யூ ஸ்கூலுக்குப் பதிவு செய்ய எந்தத் தடையும் இல்லை.