பழைய தையல் மிஷினைத் துடைக்கும் முன் மோந்து பாருங்கள்

பினாங்கில் பழைய சாமான் விற்கும் லோரோங் கூலிட் சந்தையிலோ சித்தப்பா வீட்டு ஸ்டோர் அறையிலோ ஒரு பழைய சிங்கர் கிடைத்துவிட்டால், எடுத்த எடுப்பில் துணியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். பட்டர்வொர்த்தில் பாட்டி முப்பது வருஷம் மிதித்த மிஷின் அது, தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பாவாடை சட்டை எல்லாம் அதில்தான் உருவாகும். யாரோ சொன்னார்கள் என்று தின்னர் வாங்கி வந்து ஒரே மத்தியானத்தில் பளபளவென்று துடைத்து வைத்தேன். தங்க நிறப் பூ வேலைப்பாட்டில் பாதி துணியோடு போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. அம்மா வந்து சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா, பாட்டி வாசமே இல்லையே" என்றார்.

அதற்கப்புறம் நான்கு மிஷின்களைச் சரிசெய்து கொடுத்துவிட்டேன். தின்னர் பக்கம் போகவே இல்லை.

முதல் வேலை மோந்து பார்ப்பதுதான். தலைப்பகுதியைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் இருக்கும் இணைப்புகளுக்குக் கிட்டே மூக்கைக் கொண்டு போங்கள். இனிப்பும் கசப்பும் கலந்த கனத்த எண்ணெய் வாசம் வந்தால் நல்லது, அது காற்றில் பல வருஷம் பட்டுப் பழுத்த மிஷின் எண்ணெய். சிக்குப் பிடித்த பலகாரம் மாதிரி வாடை வந்தால் வீட்டில் யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இது சர்வ சாதாரணம், கையில் கிடைத்ததை ஊற்றுவோம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை எடுக்கும், நூல் தூசியோடு சேர்ந்து அழுக்காக அப்பிக்கொள்ளும், சக்கரம் கனக்கும். சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கிறது, நான் பாட்டி வாசம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இதுதான்.

பின்னால் மின்மோட்டார் பொருத்திய மிஷின் என்றால் வேறு கதை. ஓடும்போது இடி மின்னலுக்குப் பிறகு வருவது போன்ற ஒரு காரமான வாசம் லேசாக வரும், அது மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசிப் பொறி பறப்பதால் உண்டாகும் ஓசோன். மீன் நாற்றமோ ரப்பர் கருகும் நாற்றமோ வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், ஒயரோ பிளாஸ்டிக்கோ சூடேறிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஒயர் உறை கைபட்டாலே உதிரும், அப்படி இருந்தால் சொருகியே பார்க்க வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

இரும்பு வாசம் பற்றி ஒரு விஷயம். சக்கரத்தைப் பிடித்த கையை மோந்தால் வருகிறதே ஒரு பழைய சில்லறைக்காசு வாசம், அது இரும்பின் வாசமே இல்லை. நம் தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசை வியர்வையோடு சேர்ந்து இரும்பில் படும்போது பிறக்கும் வாசம், 2006இல் ஜெர்மானிய வேதியியலாளர் டீட்மார் கிளிண்டேமானும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதாவது பாட்டி கையை மோந்தபோது நான் மோந்தது பாட்டியைத்தான்.

இந்தப் பழுத்த எண்ணெய் வாசத்துக்கு இன்னோர் அண்ணன் உண்டு, ஏர்கன். தோட்டத்தில் இருந்த பெரிய மாமாவிடம் லைசென்ஸோடு ஒன்று இருந்தது, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. சுட்டதும் குழல் வாயில் நூல் போல ஒரு புகை, கூடவே கருகிய எண்ணெய் வாசம். வெடிமருந்தே இல்லாத துப்பாக்கியில் புகை எப்படி என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். உள்ளே பிஸ்டன் பாய்ந்து காற்றை நசுக்கும்போது அந்தக் காற்று சட்டென்று கொதித்துச் சூடாகும், அங்கே கசிந்து நிற்கும் எண்ணெய் அதில் பற்றிக்கொள்ளும், டீசல் இஞ்சின் ஓடுவதும் இதே முறையில்தான். எண்ணெய் அதிகமாகிவிட்டால் ஸ்பிரிங்குக்கும் காற்று கசியாமல் தடுக்கும் அடைப்புக்கும் கேடு, வாசத்துக்காக ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. இன்னொன்று, மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர்கன்னும் ஆயுதம்தான். தாத்தா அலமாரியில் லைசென்ஸ் இல்லாமல் ஒன்று கிடந்தால் துடைக்கவும் வேண்டாம், மோக்கவும் வேண்டாம், கையில் எடுக்காமல் போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, மிஷினுக்கு வருவோம். வாசம் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் இரும்பில் கொஞ்சம், மரத்தில் நிறைய. இழுப்பறைகளில்தான் எண்ணெய்க் குப்பி, நூல்கண்டு, சாக்கட்டி, பித்தான் டப்பா எல்லாம் பல வருஷம் கிடந்திருக்கும், மரம் அத்தனையையும் குடித்து வைத்திருக்கும். அதனால் இரும்பை நன்றாகத் துடையுங்கள், இழுப்பறையின் உட்பக்கத்தை விட்டுவிடுங்கள். சோப்புத் தண்ணீர், வார்னிஷ் எதுவும் உள்ளே வேண்டாம். பினாங்கு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்து மண்வாடை அடித்தால் மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள், உச்சி வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பலகை பிரிந்துவிடும்.

துடைக்கும் முன்னால் மூடி இறுக்கமான ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஊசித் தட்டைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பல்வரிசைக்கு அடியில் அமுங்கிப்போன தூசிப் பஞ்சு இருக்கும், என் மிஷின் ஒன்றில் கட்டைவிரல் நகம் பருமனுக்கு வந்தது, சிவப்பு நூல், பள்ளிச் சீருடை நீலம், ஜரிகை இழை என்று அடுக்கடுக்காக. அதையும், நூல்கண்டு நிற்கும் கம்பியின் அடியில் இருக்கும் எண்ணெய் ஊறிய கம்பளி வட்டத்தையும் அந்தப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். எல்லாம் முடிந்தபின் பாட்டிலை இழுப்பறையில் வைத்து, எப்போதாவது மூடியைத் திறந்துவிடுங்கள், போதும்.

இனிமேல்தான் மண்ணெண்ணெய். ஜன்னல் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு எரியும் அறை வேண்டாம். பழுப்பாகப் பிசின் பிடித்த அசையும் இடங்களில் மட்டும் சிறு பிரஷ்ஷால் தடவி இரவு முழுக்க விடுங்கள், காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டித் துடையுங்கள். பலவந்தம் செய்யாதீர்கள். தங்கப் பூ வேலைப்பாட்டின் மேல் தின்னர், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது, அதன் மேல்பூச்சு ஸ்பிரிட்டில் கரையும். அங்கே தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தேய்த்தாலே அழுக்கு வரும், ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

பிறகு எண்ணெய் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. கடையில் கிடைக்கும் தண்ணீர் போன்ற தையல் மிஷின் எண்ணெயில் வாசமே இருக்காது, ஏமாறாதீர்கள், மிஷினுக்கு அதுதான் நல்லது. சிலருக்குப் பழைய வாசம் என்றாலே த்ரீ-இன்-ஒன் எண்ணெய்தான், 1894இல் சைக்கிளுக்காக அமெரிக்காவில் வந்தது, அதில் ‘செராய் வாங்கி’ என்று மலாயில் சொல்லும் சிட்ரொனெல்லா புல்லின் வாசம் தெரியும். ஆசையாக இருந்தால் கதவுக் கீலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மிஷினுக்கு வேண்டாம். டபிள்யூ.டி-40யும் அப்படித்தான், பிடித்துக்கொண்ட திருகைக் கழற்ற உதவும், தைக்கும் மிஷினுக்கு எண்ணெயாகாது.

தோல் பெல்ட் வெடித்திருந்தால் புதிது மாற்றுங்கள், பழையதைத் தூக்கிப் போடாமல் சுருட்டி அதே பாட்டிலுக்குள். எண்ணெய் போட்ட மிஷின் இரண்டு நாளைக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும், அடியில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள், நல்ல மேசை விரிப்பின் மேல் வைத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.