சிவப்புக் குச்சியெல்லாம் காசநோய் இல்லை

கிருஷ்ணகிரி பக்கம் சளிப் பரிசோதனைக்குப் புதிதாக வரும் லேப் டெக்னீஷியன்களைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். எச்சிலைச் சளி என்று வாங்குவது, டப்பாவில் பெயர் எழுத மறப்பது எல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியாக்களைக் காசநோய் என்று எடுத்துக்கொள்ளும் தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

சிபிநாட்டை ஒதுக்கிவிட்டு ஸ்லைடை மட்டும் நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்த ஒருவர். எப்போதோ காசநோய் வந்து, ஆறு மாத மாத்திரையில் குணமானவர். மறுபடி இருமல், உடம்பு இளைத்துவிட்டது. சளியைத் தடவிச் சாயம் போட்டுப் பார்த்த ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், 2+, அதாவது தாராளமாகவே. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் மெஷின் பரிசோதனையான சிபிநாட்டிலோ அந்தக் கிருமி இல்லை என்று வந்தது. “மெஷின் தப்பு” என்று சொல்லி அதே மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்சம் தேறினார். தேறியதுதான் வினை. அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினும் எத்தாம்பூட்டாலும் வேறு சில மைக்கோபாக்டீரியாக்களையும் ஓரளவு அடக்கும். அப்புறம் இருமல் கூடியதும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று பேச்சு வந்தது. வேலை போயிற்று; வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. கடைசியில் கல்ச்சரில், அதாவது சளியில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்ததில், வளர்ந்தது காசநோய்க் கிருமியே இல்லை.

ஸ்லைடில் போடும் சாயம் மைக்கோபாக்டீரியா என்று மட்டும்தான் சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. சிபிநாட் தேடுவது காசநோய்க் கிருமியை மட்டும். ஸ்லைடில் தாராளமாகத் தெரியும் அளவுக்கு அது இருந்தால் சிபிநாட் தவறவிடுவது மிக அரிது. இரண்டும் முரண்பட்டால் புதுச் சளி வாங்கித் திரும்பப் போடுங்கள், கல்ச்சருக்கு அனுப்புங்கள், டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள். திரவக் கல்ச்சருக்கு 42 நாள் வரை ஆகலாம். ஆகட்டும்.

வெளிநாட்டு வியாதி என்று நினைப்பது

ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளில் காசநோய் குறையக் குறைய இந்த மற்ற மைக்கோபாக்டீரியாக்களால் வரும் நோய்கள் கூடிவந்தன என்பது உண்மை. நம்மிடம் இன்றும் காசநோய்தான் பெரும்பான்மை. ஆனால் இந்தக் கிருமிகள் நம் மண்ணிலும் தண்ணீரிலும் எப்போதும் உண்டு. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வில் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்காமல் போனதற்கு இவற்றையும் ஒரு காரணமாகப் பேசினார்கள். பழைய காசநோய்த் தழும்பு, குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸ் உள்ள நுரையீரல்தான் இவற்றுக்கு வசதியான இடம். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவா?

குழாய்த் தண்ணீரில் ஸ்லைடு கழுவுவது

அதிலும் இந்தக் கிருமி இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள்.

ஒரே கல்ச்சரில் முடிவு கட்டுவது

சளியை வைத்துச் சொல்வதானால், தனித்தனியாக எடுத்த இரண்டிலாவது அதே கிருமி வளர வேண்டும். தொந்தரவும் ஸ்கேனும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டாரைப் பயமுறுத்துவது

காசநோய் போல இவை பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை.

எந்த வகை என்று கேட்காமல் விடுவது

இந்த மைக்கோபாக்டீரியாக்களில் ஏவியம் என்ற வகைக்கு அசித்ரோமைசின் சேர்த்த கூட்டு மருந்து, கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் 12 மாதம். அப்செசஸ் என்ற இன்னொரு வகை என்றால் வழக்கமான காசநோய் மாத்திரைகள் வேலையே செய்யாது. வகை தெரியாமல் ரிப்போர்ட் வந்தால் லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.