சல்லடைத் தாளமா? பாதியைப் படித்தால் போதும்

3, 4 என இரண்டு எண்களின் மடங்குகளில் மட்டும் அடி விழும் சல்லடைத் தாளத்தைப் பழகும்போது, சுற்றின் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பின்பாதிக்கு அதே இடைவெளிகளைத் தலைகீழாக வாசித்தால் சரி.

3-க்கும் 4-க்கும் மீச்சிறு பொது மடங்கு 12. ஆகவே 12 மாத்திரைக்கு ஒரு சுற்று. அடிகள் 0, 3, 4, 6, 8, 9-இல் விழும். இடைவெளிகளை எழுதிப் பாருங்கள்: 3, 1, 2, 2, 1, 3. தொடக்கத்திலிருந்து எத்தனை மாத்திரை தள்ளி ஓர் அடி விழுகிறதோ, முடிவிலிருந்தும் அத்தனை மாத்திரை தள்ளி ஓர் அடி விழும், ஏனென்றால் 12 இரண்டு எண்களாலும் மீதியின்றி வகுபடும். 5-ஐயும் சேர்த்தால் சுற்று 60 மாத்திரை ஆகிவிடும். அப்போதும் 30 படித்தால் போதும். எவ்வளவு நேரம் மிச்சம்! கை மாற்றத்தை மட்டும் பின்பாதிக்குத் தனியாகப் பழக வேண்டும்.

எல்லா எண்களும் ஒரே இடத்தில் தொடங்கினால்தான் இது அப்படியே பொருந்தும். 3, 4 வெவ்வேறு இடத்தில் தொடங்கினால், இரண்டும் ஒன்றாக விழும் மாத்திரையைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணுங்கள். இசையமைப்பாளர் யான்னிஸ் செனாகிஸ் 1975-இல் தனி ஒரு தாள வாத்தியக் கலைஞருக்காக எழுதிய 'ப்சாஃபா' என்ற படைப்புக்கு இதை நம்பிப் போகாதீர்கள். அவருடைய சல்லடைகள் வெறும் மடங்குகளின் கூட்டல் அல்ல. வெட்டும் (பொதுவான இடங்களை மட்டும் எடுப்பது) சேர்ப்பும் (எல்லா இடங்களையும் எடுப்பது) கலந்தவை. அதைக் கட்டம் போட்ட தாளில் முழுதாக எழுதித்தான் படிக்க வேண்டும்.