கிரகணத் தொழுகை: இரண்டாவது ருகூவில் வந்து சேர்ந்தால் ரக்அத் கிடைக்காது

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம்ம கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி)தான், அதனால் கிரகணத் தொழுகையில் ரக்அத்துக்கு (தொழுகையின் ஒரு சுற்றுக்கு) இரண்டு ருகூ (குனிதல்) என்ற அந்த முறையை வைத்தே சொல்கிறேன். ஹனஃபி மத்ஹபில் வழக்கமான தொழுகை மாதிரி ரக்அத்துக்கு ஒரு ருகூதான். அப்படித் தொழுபவரிடம் போய் வாதம் பண்ண வேண்டாம்.

அதிகம் தவறுவது ருகூவில்தான். இந்தத் தொழுகை எப்போதாவது வருவது, உடம்பு ஐவேளைப் பழக்கத்திலேயே போகும், முதல் ருகூவிலிருந்து எழுந்ததும் சிலர் நேரே சுஜூதுக்கு (நெற்றியைத் தரையில் வைப்பதற்கு) இறங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, எழுந்து நின்று மறுபடி கை கட்டி, மறுபடி குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவும் இன்னொரு சூராவும் ஓதி, இன்னொரு ருகூ செய்து எழுந்த பிறகுதான் சுஜூது. இரண்டாவது நிலையில் ஃபாத்திஹாவை விட்டுவிடவே கூடாது. அப்புறம் தாமதமாக வருகிறவர்கள்: இமாமை முதல் ருகூவில் பிடித்தால்தான் அந்த ரக்அத் உங்களுக்கு. இரண்டாவது ருகூவில் சேர்ந்துவிட்டு "ருகூ கிடைத்துவிட்டதே" என்று இமாமோடு ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிடாதீர்கள், எழுந்து அந்த ரக்அத்தை இரண்டு ருகூவோடு முழுசாகத் தொழ வேண்டும்.

பாங்கும் இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) இதற்குக் கிடையாது, "அஸ்ஸலாத்து ஜாமிஆ" (கூட்டுத் தொழுகைக்கு வாருங்கள்) என்று அழைத்தால் போதும். சூரிய கிரகணத்தில் இமாம் மெதுவாக ஓதுவார், சந்திர கிரகணத்தில் சத்தமாக. மைக் கெட்டுவிட்டதா என்று தொழுகையில் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

காலண்டரில் "கிரகணம்" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்துத் தொழுகை அறிவிப்பதும் தவறுதான். அது நம்ம ஊரில் தெரிகிற கிரகணமா என்று பாருங்கள். பூமியின் மங்கலான வெளி நிழல் மட்டும் படுகிற புறநிழல் சந்திர கிரகணத்தில் நிலா கொஞ்சம் மங்குவதே கண்ணுக்குச் சரியாகப் படாது, அதற்குத் தொழுகை இல்லை. தொடங்குவதற்குள் கிரகணம் முழுவதும் விலகிவிட்டால் களா (தவறியதைப் பிறகு தொழுவது) கிடையாது. தொழுதுகொண்டிருக்கும்போது விலகினால் தொழுது முடித்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது வேறு. கிரகண நேரத்தில் கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் உட்காரவைத்து, கத்தி தொடாதே, தண்ணீர் குடிக்காதே என்று பயமுறுத்துவது நம் வீடுகளிலும் நடக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது, அந்தக் குழந்தையின் மரணத்தால்தான் என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நாளிலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யார் இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை, அதைக் கண்டால் தொழுங்கள், துஆ செய்யுங்கள், தர்மம் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பெண்ணும் தொழட்டும். நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி), அவருடைய சகோதரி அஸ்மா (ரலி) இருவரும் இந்தத் தொழுகையில் நின்றவர்கள். பள்ளிக்கு வர வசதியில்லாத பெண்கள் வீட்டிலும், கடலுக்குப் போனவர்கள் படகிலும் தனியாகவே தொழுதுகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமையில் வந்தால் என்ன செய்வது என்ற குழப்பமும் உண்டு. 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் சூரியன் வளையமாகத் தெரிந்தது, அது வெள்ளிக்கிழமை, ஜுமுஆ (வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகை) நேரத்தை ஒட்டியே வந்தது. ஜுமுஆ நேரம் தவறிப்போகும் என்ற பயம் இருந்தால் ஜுமுஆதான் முதலில். நேரம் தாராளமாக இருந்தால் கிரகணத் தொழுகையைச் சுருக்கமாக முடித்துவிட்டு ஜுமுஆவுக்குப் போகலாம், அப்போது குத்பாவை (சொற்பொழிவை) ஜுமுஆ நிய்யத்தில் (எண்ணத்தில்) மட்டும் ஓதி, கிரகணத்தைப் பற்றி அதற்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டும்.