பாங்காக்கில் நெரிசலில் மாட்டாமல் சுற்ற

பாங்காக்கில் சாயங்காலம் டாக்ஸி பிடித்தால் மீட்டர் ஓடும், வண்டி ஓடாது! சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே ரயில் இருக்கிறது. கடைசி நிறுத்தமான பயா தாயில் இறங்கினால் பிடிஎஸ் பறக்கும் ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒரு விஷயம்: பிடிஎஸ்ஸுக்கான ராபிட் கார்டு என்ற பயண அட்டை எம்ஆர்டி சுரங்க ரயிலில் செல்லாது. எம்ஆர்டியில் வீசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தட்டியே போகலாம்.

அரண்மனைப் பக்கம் போக, பிடிஎஸ்ஸில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்குங்கள். கீழேயே ஆற்றுப் படகுத்துறை. சுற்றுலாப் படகுக்கு ஆள் கூப்பிடுவார்கள். கண்டுகொள்ளாமல் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள். உள்ளூர்க்காரர்கள் போவது அதில்தான், கட்டணமும் குறைவு. தா தியன் துறையில் இறங்கினால் வாட் போ கோயில் நடைதூரம். எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். அக்கரைக்கென்றே ஓடும் படகில் கடக்கலாம்.

டுக்டுக் என்கிற ஆட்டோ? ஆசைக்கு ஒருமுறை. பேரம் பேசிவிட்டு ஏறுங்கள்.